மோவாய்

தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
இது நாய். தானம் என்றும் சொல்ல முடியாது.
பனிச்சறுக்கு வண்டிப் பண்ணையை இழுத்து மூடியபோது
"கடிக்கும், வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்று
கயிற்றின் மறுமுனையை
ஹில்க்காவின் கையில் திணித்தார்கள்.

நோகி. அவர்கள் மொழியில் புகைக்கரி.
ஹில்க்கா இனாரி ஏரியைச் சுற்றித்
தபால் வண்டி ஓட்டுகிறவள்.
கடிக்கும் நாய்கள் அவளுக்குப் புதிதில்லை,
ஆனால் எல்லாம் அடுத்தவர் வாசலில்.

முதல் வாரம், உதட்டைத் தூக்கிப் பார்க்க
நீண்ட கை பாதி வழியில் நின்றது.
பல்லைக் காட்டியது நாய்,
அவள் கேட்ட விதத்தில் அல்ல.
யாரோ எப்போதோ அந்த வாயைப் பிளந்து
மாத்திரை திணித்திருக்க வேண்டும்.
கை என்றாலே
அதற்கு முடிவு தெரிந்த கதை.

எனவே கையிலிருந்தே தொடங்கினாள்.
கையுறையைக் கழற்றி
வெறும் உள்ளங்கையை முழங்கால்மேல் மல்லாத்தி
காலைக் காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.
ஒன்றும் நடக்கவில்லை.
மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை,
தரையில் விழுந்த ஒரு துண்டு
உலர்ந்த கலைமான் இறைச்சி காணாமல்போனது தவிர.
பதினோராம் நாள் மூக்கு மட்டும் வந்தது,
கணக்குக் கேட்பதுபோல்.
அப்புறம் மோவாய்.
ஈரமாய், சூடாய்,
பாதி கனத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு.

(இதற்குமேல் எனக்கு 'அது' என்று எழுத வரவில்லை.)

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம்:
மோவாய் இருக்கும்வரை கை பேசலாம்.
மோவாய் எழுந்தால்
அந்த நொடியே கை வாயை மூட வேண்டும்.

கன்னத்தில் ஒரு விரல். இறைச்சி.
உதட்டோரம் விரல், உடனே எடுத்தாயிற்று. இறைச்சி.
டிசம்பரில் சூரியன் எழவே இல்லை,
நெற்றி விளக்கு வேண்டியிருந்தது.
விளக்குக்கும் தனியே பாடம்:
மேசைமேல் அணைந்தபடி சில நாள்,
சுவரைப் பார்த்து எரிந்தபடி சில நாள்.
ஒரு காலை, மேல்வரிசையில்
ஒரு கோரைப்பல் முழுதாய்த் தெரிந்தது,
அடியில் மஞ்சளாய்க் காறை.
அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
அவன் விட்டான்.

கிறிஸ்துமஸுக்கு வந்த மைத்துனன் தைஸ்தோ
இரண்டு குவளைக்குப் பிறகு சொன்னான்:
"நாயிடம் எதற்கு இவ்வளவு அனுமதி? இப்படிப் பிடி."
பிடித்தான்.
கட்டைவிரலில் நான்கு தையல்.
மேசைக்கடியில் மூன்று நாள் நோகி.
ஹில்க்கா யாரையும் திட்டவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு
மறுபடி காப்பி, முழங்கால், வெறும் உள்ளங்கை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்,
வழக்கம்போல் இடப்பக்க உதட்டைத் தூக்கினாள்.
பெரிய கடைவாய்ப் பல்லில் நெடுக ஒரு விரிசல்,
ஏரி உடைவதற்குமுன் பனியில் ஓடுமே, அதுபோல்.
நடுவில் சிவப்பாய் ஒரு புள்ளி.
ஒரு நாளும் முனகியதில்லை அவன்.
இப்போதும் மோவாய் அசையவில்லை.

இவாலோவில் மெர்வி மயக்க ஊசி போட்டுப் பிடுங்கி
சின்ன டப்பாவில் போட்டுத் தந்தாள்.
மூன்று வேர். இவ்வளவு ஆழமா என்று
ஹில்க்கா டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தாள்.
பத்து நாள் வாயைத் தொடக் கூடாது.
தொடவில்லை.
மடியில் கை வைத்தால் அழைப்பாகிவிடுமென்று
குவளையை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் அவன் வந்து
குவளையை மூக்கால் தள்ளினான்.
காப்பி கொட்டியது.
காலியான கையில் மோவாயை வைத்தான்,
இம்முறை முழுக் கனத்தோடு.
சட்டைப்பையில் இறைச்சி இல்லை.
எடுக்க எழுந்தால் கை போய்விடும்.
சட்டம் இரண்டு பக்கமும்தானே.

அன்று வடகரைக்குத் தபால்
ஐம்பது நிமிடம் தாமதம்.
கேட்டவர்களிடம்
வழியெல்லாம் பனிமூட்டம் என்றாள்.
வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.